சென்னைக்கு ஒரு தீம் பார்க் வந்தால்: முதல் நிலம் எது?

சென்னைக்குப் பக்கத்தில் கதையை வைத்துக் கட்டிய பெரிய தீம் பார்க் ஒன்று வரப்போவதாக யாரும் அறிவிக்கவில்லை. அதனால் எங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. ரோலர் கோஸ்டர் பைத்தியம் பிடித்த நாலைந்து பேர் சேர்ந்தால், இல்லாத பார்க்குக்கு மேப் போடுவதுதான் வேலை. ஆர்லாண்டோவில் யுனிவர்சலின் எபிக் யுனிவர்ஸ் 2025 மே 22 அன்று திறந்தது. அதற்குப் பல வருடங்கள் முன்பிருந்தே அங்குள்ள ரசிகர்கள் காப்புரிமை விண்ணப்பம், கட்டட அனுமதிப் படம், வானத்திலிருந்து எடுத்த புகைப்படம் என்று கிடைத்ததையெல்லாம் வைத்து, உள்ளே எந்தெந்த நிலம் (ஒரே கதையை வைத்துக் கட்டிய பகுதி) வரும், எந்த ரைடு எங்கே நிற்கும் என்று துப்பறிந்துகொண்டிருந்தார்கள். நமக்குத் துப்பறிய எதுவும் இல்லை. கற்பனைதான்.

கற்பனைக்கும் ஒரு கடிவாளம் வேண்டும் என்று இந்த முறை முடிவெடுத்தோம். ஒரே ஒரு நிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை பிளானட் கோஸ்டர் என்ற கணினி விளையாட்டில் வாசல் முதல் கழிப்பறை வரை முழுசாகக் கட்டிப் பார்ப்பது. பார்க் திறக்கும் நாளில் அந்த ஒரு நிலம் மட்டும் தயாராக இருந்தாலும் ஜனம் வர வேண்டும் என்பது நிபந்தனை. நாலு யோசனைகள் வந்தன. வெளிநாட்டுப் பாத்திரங்களுக்கு லைசென்ஸ் வாங்குவது ஒன்று. கோலிவுட் இன்னொன்று. அப்புறம் ஐந்திணை, சோழர் கப்பல். புராணத்தை யாரும் பட்டியலில் சேர்க்கவே இல்லை. ரைடு நடுவே முருகன் வந்தால் பாதிப் பேர் செருப்பைக் கழற்றுவார்கள், மீதிப் பேர் ஏன் கழற்றவில்லை என்று அவர்கள் சண்டைக்கு வருவார்கள். நமக்கேன் வம்பு.

நாலையும் ஒப்பிடுவதற்கு முன்னால் எந்த மண்ணில் கட்டுகிறோம் என்று பார்த்துவிட வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் இடையில் 60 ஏக்கர் கிடைத்ததாக வைத்துக்கொண்டோம். பேராசை இல்லை. திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா ஏறக்குறைய 64 ஏக்கர். 611 கோடி ரூபாய் முதலீடு, 43 ரைடுகள். யுனிவர்சல் ஸ்டுடியோஸ் சிங்கப்பூர் 49 ஏக்கர்தான், அதற்குள் ஏழு பகுதிகளை அடக்கியிருக்கிறார்கள். ஆக, இடம் போதாது என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

சென்னைக்கு ரைடுகள் புதிதில்லை. ஈஞ்சம்பாக்கம் விஜிபி, முட்டுக்காடு எம்ஜிஎம், பூந்தமல்லி தாண்டி குயின்ஸ்லேண்ட் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பெயர் இருக்கிறது. தாம்பரம் பக்கம் 1995-இல் நவோதயா அப்பச்சன் கிஷ்கிந்தாவைத் திறந்தபோது பெயரையே ராமாயணத்திலிருந்து எடுத்தார். ஆனால் ஒரு கதைக்குள் நுழைந்து, அதற்குள்ளேயே நடந்து, சாப்பிட்டு, வெளியே வரும் இடமாக இவற்றில் எதுவும் அமையவில்லை. நாங்கள் நிலம் என்று சொல்வது அதைத்தான். உள்ளே நின்றால் வெளியே இருக்கும் சாலையும் டவரும் கண்ணில் படக் கூடாது. குப்பைத்தொட்டி கூட அந்தக் கதையின் குப்பைத்தொட்டியாக இருக்க வேண்டும்.

அடுத்தது வானிலை. வெளிநாட்டு ரசிகர்கள் போடும் மேப்புகளை அப்படியே இங்கே தூக்கிவர முடியாததற்குக் காரணம் இதுதான். பள்ளிக்கூடம் நீண்ட லீவு விடுவது ஏப்ரல், மே மாதங்களில். கூட்டம் அலைமோத வேண்டிய அந்த நேரத்தில்தான் அக்னி நட்சத்திரமும் வருகிறது. பகல் பதினோரு மணிக்கு மேல் திறந்தவெளி க்யூவில் குழந்தையோடு நிற்க முடியாது. சீட்டின் இரும்புப் பிடி கையைச் சுடும். வருட மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் கொட்டிவிடுகிறது. இடி மின்னல் வந்தாலோ காற்று பலமாக வீசினாலோ உயரமான கோஸ்டரை நிறுத்தித்தான் ஆக வேண்டும். கடற்கரை உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று ஈசிஆரில் வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், ஜன்னல் கம்பிக்கு வருடா வருடம் பெயிண்ட் அடிப்பவர்கள் அவர்கள். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், முதல் நிலத்தின் முக்கிய ரைடு கூரைக்குள் இருக்க வேண்டும் என்பது விவாதம் இல்லாமலே முடிவாகிவிடுகிறது. அபுதாபியில் ஃபெராரி வேர்ல்டை 2010-லும் வார்னர் பிரதர்ஸ் வேர்ல்டை 2018-லும் கூரைக்குள் கட்டியதற்கும் வெயில்தான் காரணம்.

இன்னொரு அளவுகோலும் வைத்துக்கொண்டோம். அதற்குப் பாட்டி சோதனை என்று பெயர். நம் ஊரில் பார்க்குக்கு வருவது இரண்டு நண்பர்கள் அல்ல, ஒரு வேன். தாத்தா, பாட்டி, சித்தி, கைக்குழந்தை எல்லோரும் அதில் உண்டு. எந்தப் பார்க்கிலும் பெரிய கோஸ்டரின் வெளிவாசல் பெஞ்சைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். மடியில் நாலு பை, கையில் வாட்டர் பாட்டில், யாரோ கழற்றிக் கொடுத்த மூக்குக்கண்ணாடி, காலடியில் மூன்று ஜோடி செருப்பு. அவரும் முழு டிக்கெட்டோ முதியோர் டிக்கெட்டோ எடுத்துத்தான் உள்ளே வந்திருக்கிறார். முதல் நிலத்தின் ரைடில் அவரும் உட்கார வேண்டும்.

இனி நாலு யோசனைகள்.

வெளிநாட்டு லைசென்ஸ் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நன்றாக நடக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. டோக்கியோ டிஸ்னிசீ 2001-இல் திறந்தது. அதன் சொந்தக்காரர் டிஸ்னி அல்ல, ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பான் நிறுவனம். கட்டுவது இவர்கள், ராயல்டி டிஸ்னிக்கு. 2025 மே மாதம் அறிவித்த அபுதாபி டிஸ்னிலாண்டும் அப்படித்தான்: யாஸ் தீவில் மிரால் நிறுவனம் பணம் போட்டுக் கட்டி நடத்தும், டிஸ்னி வடிவமைத்துப் பெயரைக் கொடுக்கும். அதாவது, சென்னையிலிருந்து சுமார் நாலு மணி நேர விமானத் தூரத்தில் அசலே வரப்போகிறது. சிங்கப்பூரில் யுனிவர்சல் ஏற்கனவே இருக்கிறது. வசதி இருப்பவர் அங்கே போவார். வசதி இல்லாதவருக்காக இங்கே சின்னதாக ஒரு நகல் கட்டி, டிக்கெட் பணத்தில் ஒரு பங்கை வெளியே அனுப்புவதில் ரசிகனாக எனக்கு எந்தச் சுவாரசியமும் இல்லை. கூட்டத்தில் இதை முன்மொழிந்த தம்பிக்கும் வேண்டியது ஒரு மந்திரக்கோல்தான். அதை ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாம்.

கோலிவுட்டை அப்படித் தள்ள முடியாது. ஓட்டு எடுத்தால் ஜெயிப்பது அதுதான். கோடம்பாக்கமும் வடபழனியும் உள்ள ஊர் இது. ஸ்டுடியோ போய் இத்தனை காலம் ஆன பிறகும் ஒரு மேம்பாலத்தை ஜெமினி என்றே சொல்லும் ஊர். தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் திரைப்பட நகரம் இருந்தது, பள்ளிச் சுற்றுலாவுக்குப் போனவர்கள் பலர் இருப்பார்கள். பூந்தமல்லி அருகே சுமார் 150 ஏக்கரில் 500 கோடி ரூபாயில் நவீன திரைப்பட நகரம் அமைப்பதாகத் தமிழக அரசு 2024-இல் அறிவித்தது. ஹைதராபாத் ராமோஜி பிலிம் சிட்டி இன்றும் பஸ் பஸ்ஸாக ஆட்களை இழுக்கிறது. யுனிவர்சல் என்ற பார்க்கே 1964-இல் ஸ்டுடியோவைச் சுற்றிக்காட்டத் தொடங்கியதில் பிறந்ததுதானே என்று கோலிவுட் கட்சியினர் அடுக்கினார்கள்.

எல்லாம் சரி. ஆனால் துபாயைப் பார்க்க வேண்டும். ஹிந்திப் படங்களை மட்டுமே வைத்து அங்கே பாலிவுட் பார்க்ஸ் என்று ஒரு முழுப் பார்க்கை 2016-இல் திறந்தார்கள். 2023-இல் மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் 2024-இல் ரியல் மாட்ரிட் கால்பந்து அணியின் பார்க் வந்துவிட்டது. ஹிந்தி சினிமாவுக்கு நல்ல மார்க்கெட் உள்ள ஊரிலேயே இதுதான் கதி. இதற்கு என் விளக்கம் இது: நம் சினிமாவில் நாம் காதலிப்பது இடத்தை அல்ல, ஆளை. மாயப் பள்ளிக்கூடம் ஒன்று பிடித்துவிட்டால் நாயகன் இல்லாவிட்டாலும் அதன் தாழ்வாரத்தில் நடக்க ஆசை வரும். நம் மாஸ் படத்தில் வரும் மார்க்கெட் செட்டில் ஹீரோ இல்லாமல் நடந்தால் அது வெறும் மார்க்கெட். கொத்தவால்சாவடிக்கே போய்விடலாமே.

ஹீரோவையே உள்ளே கொண்டுவரலாம் என்றால், எந்த ஹீரோ என்ற கேள்வி முதல் நாளே பார்க்கை இரண்டாகப் பிளக்கும். பாட்டு ஒரு கம்பெனியிடம், படம் ஒருவரிடம், முகம் இன்னொருவரிடம் என்று உரிமைகள் சிதறிக் கிடக்கும். போதாததற்கு நம் ஊரில் நடிகர் எப்போது கட்சி ஆரம்பிப்பார் என்று சொல்ல முடியாது. தேர்தல் அறிவித்ததும் சிலைகளுக்குத் துணி சுற்றுவதுபோல ரைடு முகப்புக்கும் சுற்ற வேண்டி வரும். கோலிவுட்டுக்கு நிலம் வேண்டாம், ஏசி அரங்கில் அரைமணி நேர ஸ்டண்ட் ஷோ போதும். ஷோவை வருடத்துக்கு ஒருமுறை மாற்றலாம். பல கோடி போட்டு இறக்கிய தண்டவாளத்தை அப்படி மாற்ற முடியாது.

ஐந்திணை யோசனையைக் கேட்டவுடன் எனக்குப் பிடித்துப்போனது. உலகத்தில் எந்தத் தீம் பார்க் வடிவமைப்பாளருக்கும் இப்படி ஒரு கையேடு இலவசமாகக் கிடைத்திருக்காது. நிலம் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் பெரும்பொழுதும் சிறுபொழுதும் உண்டு, மரம், பூ, பறவை, உணவு, யாழ், பறை என்று கருப்பொருள் பட்டியலும் தயாராக இருக்கிறது. குறிஞ்சி என்றால் நள்ளிரவு, மலை, தினை, தேன். முல்லைக்கு மாலை நேரமும் கார்காலமும், ஏறு தழுவுதலும். மருதத்துக்கு விடியல், வயல், ஆறு. நெய்தலுக்குச் சூரியன் சாயும் எற்பாடு. பாலைக்கு நடுப்பகல். ஒளி அமைப்பவருக்கு வேலை முடிந்தது. சாப்பாட்டுக்கடை மெனு கூட முடிந்தது: வரகும் சாமையும் முல்லையில், செந்நெல் சோறு மருதத்தில், மீன் நெய்தலில். பாலை நிலத்து மக்களுக்கு வழிப்பறி செய்து கிடைத்ததே உணவு என்கிறது மரபு. பார்க்குகளில் தண்ணீர் பாட்டில் விற்கும் விலையைப் பார்த்தவர்கள், அந்த நிலம் ஏற்கனவே எல்லா இடத்திலும் கட்டப்பட்டுவிட்டது என்று சொல்லக்கூடும்.

ரைடுகளும் தாமாகவே வந்து உட்கார்ந்தன. மருதத்தில் மிதவையில் படுத்தபடி மெதுவாகச் சுற்றிவரும் ஆறு. குறிஞ்சியில் இருட்டுக்குள் ஓடும் கோஸ்டர். பாலையில் கொள்ளையர் துரத்த, நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளம்பும் லாஞ்ச் கோஸ்டர்.

“மச்சான், பாலைக்கு செட்டே வேணாம்டா. மே மாசம் பின்கதவைத் திறந்து வெளியே விட்டா போதும்” என்றான் ஒருவன். செலவு மிச்சம் என்று குறித்துக்கொண்டோம்.

சிக்கல் உரிப்பொருளில் வந்தது. நிலமும் பொழுதும் பின்னணிதான். திணையின் உயிர் காதலின் ஐந்து நிலைகள்: கூடல், இருத்தல், ஊடல், இரங்கல், பிரிதல். மருதத்து ஊடல் எதனால் வருகிறது? தலைவன் பரத்தை வீட்டுக்குப் போய்விட்டு வருவதால். இதை ஆறு வயதுக் குழந்தைக்கு ரைடு வாசலில் எப்படி விளக்குவது? அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அகத்திணையில் யாருக்கும் பெயர் வைக்கக் கூடாது என்பது இலக்கண விதி. தலைவன், தலைவி, தோழி, அவ்வளவுதான். தீம் பார்க் பிழைப்பதோ பெயரிலும் முகத்திலும். டி-ஷர்ட்டில் போட ஒரு முகம், குழந்தை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள ஒரு பொம்மை வேண்டாமா?

இதற்கு எங்கள் கூட்டத்தின் தமிழாசிரியர் வீட்டுப் பையன் சொன்ன பதில் கூர்மையானது. பெயர் இல்லை என்பதே வசதிதானே, ரைடில் ஏறுகிறவர்தான் தலைவனும் தலைவியும் என்றான். டிஸ்னி இதை 1955-லேயே முயன்று பார்த்திருக்கிறது. கலிபோர்னியா டிஸ்னிலாண்டின் ஸ்நோ ஒயிட் ரைடில் ஸ்நோ ஒயிட்டின் உருவமே கிடையாது, ஏனென்றால் ஏறி உட்கார்ந்தவர்தான் ஸ்நோ ஒயிட். மக்களுக்குப் புரியவில்லை, ஸ்நோ ஒயிட் எங்கே என்று தேடினார்கள். 1983-இல் புதுப்பித்தபோது ஒரு ஸ்நோ ஒயிட்டை உள்ளே வைத்துவிட்டார்கள். ஏறுகிறவரே நாயகர் என்பது நல்ல யோசனை. ஆனால் அவருக்குச் செய்ய ஒரு வேலை, போக ஒரு ஊர் வேண்டும். இரங்கலும் பிரிதலும் மனநிலைகள். தண்டவாளம் போட ஒரு பயணம் தேவை.

தவிர, ஐந்து நிலமும் சேர்ந்தால்தான் ஐந்திணை. ஒன்றை மட்டும் திறந்தால் அது ஒரு காடு அல்லது ஒரு வயல். எங்கள் நிபந்தனையில் அடிபட்டது இங்கேதான். பார்க் முழுவதற்குமான மேப்பாக இதைவிடச் சிறந்தது கிடையாது. திறப்புவிழா நிலமாகத் தனியே நிற்காது.

சோழர் கப்பல் யோசனை மீது எனக்கு ஆரம்பத்தில் சலிப்புதான். சோழர் என்றாலே புலிக்கொடி, உறுமல், ஸ்லோமோஷன் குதிரை. ஃபைபர் கிளாஸில் ஒரு கோபுரமும் வைத்துவிடுவார்கள். மாமல்லபுரம் ரதங்கள் கொஞ்ச தூரத்தில் நிஜமாகவே நிற்கும்போது எதற்கு ஃபைபர் கிளாஸ்? முட்டுக்காடு தட்சிணசித்ராவில் அசல் வீடுகளையே பெயர்த்துக் கொண்டுவந்து 1996 முதல் வைத்திருக்கிறார்கள். சென்னைவாசிக்குப் போலிக் கல்லைக் காட்டி ஏமாற்ற முடியாது.

பேசப் பேச ஒரு விதி பிடிபட்டது. கல்லில் நின்றதைக் கட்டக் கூடாது. மரத்திலும் துணியிலும் கயிற்றிலும் இருந்து அழிந்துபோனதைத்தான் கட்ட வேண்டும். கோயில் நிற்கிறது, துறைமுகம் நிற்கவில்லை. பெரிய கோயிலை யாரும் தஞ்சாவூர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய நாகப்பட்டினத்துத் துறைத் தெருவை எங்கே போய்ப் பார்ப்பது? பாயும் பாய்மரமும், மூட்டைகளும், சுங்கம் வாங்குகிறவரும், அந்நிய மொழி பேசும் மாலுமிகளும் உள்ள ஒரு தெரு. பிரான்சின் புய் டு ஃபூ பார்க் கோஸ்டர்களை நம்பாமல், வரலாற்றுக் காட்சிகளை வைத்தே பெரும் கூட்டத்தைச் சேர்க்கிறது. வரலாறு விலைபோகாது என்ற பயம் தேவையில்லை.

ரைடுக்கான காட்சிப் பட்டியலை ராஜேந்திர சோழனே எழுதிவைத்துவிட்டான் என்பதுதான் என்னைக் கட்சி மாற வைத்தது. 1025-ஆம் ஆண்டு சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயத்தின் மீது சென்ற கடற்படையெடுப்பை, கல்வெட்டில் அவன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தி ‘அலைகடல் நடுவுட் பலகலம் செலுத்தி’ என்று தொடங்கி ஊர் ஊராகச் சொல்கிறது. வெறும் ஊர்ப்பெயர் இல்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு காட்சி ஒட்டியிருக்கிறது. ஆழ்கடலையே அகழியாகச் சுற்றிய மாயிருடிங்கம். நிறைபுனலே காவலான மாப்பப்பாளம். தேன் கமழும் சோலைகள் நிறைந்த மாநக்கவாரம், அதாவது இன்றைய நிக்கோபார். மணி பதித்த பெரிய கதவு ஒன்றும் வருகிறது. மெய்க்கீர்த்தியில் அந்தக் கதவு முன்னாலேயே வந்துவிடுகிறது. ரைடில் கடைசிக்குத் தள்ளினோம். கல்வெட்டு அறிஞர்கள் மன்னிக்க வேண்டும்.

இதில் இரண்டு எதிர்ப்புகள் வந்தன. மதுரைக்காரத் தம்பி, “அப்போ எங்க ஊருக்கு வில்லன் வேஷம்தானாண்ணே?” என்று கேட்டான். இன்னொன்று கொஞ்சம் கனமானது. அந்தப் படை தாக்கிய கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா. அந்த நாட்டுத் தமிழர்கள் சென்னைக்கு வந்துபோகிறவர்கள். அவர்கள் ஊரைக் கொள்ளையடிப்பதை உட்காரவைத்துக் காட்டிக் கைதட்டச் சொல்வதா?

விடை அதே வரலாற்றில் இருந்தது. படையெடுப்புக்குச் சுமார் இருபது வருடம் முன்பு, ராஜராஜன் காலத்தில், ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் தம் தந்தை சூடாமணி பெயரில் புத்த விகாரை எழுப்பினார். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரே தானமாகப் போனது. படையெடுப்புக்குப் பிறகு, 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ் வணிகக் குழுவின் கல்வெட்டு சுமத்ராவின் பரூஸில் கிடைத்திருக்கிறது. முன்னும் பின்னும் வியாபாரம், நடுவில் ஒரு போர். ஆகவே படகில் ஏறுகிறவர் படைவீரர் இல்லை, பெயரில்லாத ஒரு வணிகர். பாண்டிய முத்து ஏற்றிய படகு என்று வைத்ததும் மதுரைத் தம்பி சமாதானமாகிவிட்டான். ஐந்திணைக்காரர்களும் பாதி சமாதானம், அவர்களுடைய பெயரில்லாத் தலைவனுக்கு இப்போது போக ஒரு ஊர் கிடைத்துவிட்டது. இந்த நிலத்துக்கு அவர்கள் வைத்த பெயர் நெய்தல். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல், காத்திருந்து ஏங்குவது. க்யூ இருக்கும் இடத்துக்கு வேறென்ன வேண்டும்?

ரைடு எப்படிப் போகும் என்று கொஞ்சம் சொல்கிறேன். க்யூ முழுக்க ஒரு பண்டகசாலைக்குள், தென்னங்கீற்றுக் கூரைபோலத் தெரியும் கூரைக்குக் கீழே, ஏசியோடு. சுவரில் பாய்ச் சீலை, ஓலைச்சுவடிக் கணக்கு, தராசு. விளக்கு எப்போதும் சாயங்கால வெளிச்சம். வெளியே மணி பன்னிரண்டானாலும் உள்ளே எற்பாடுதான். படகில் நாலு வரிசை, வரிசைக்கு ஐந்து பேர். கிளம்பியதும் விகாரையின் விளக்குகள் தண்ணீரில் தெரிய, கரை பின்னால் போகும். ஒரு திருப்பம், காற்று, பின்பக்கமாக ஒரு சின்னச் சறுக்கல், புயல். அடுத்து நிக்கோபார்ச் சோலை, நிஜமாகவே தேன் வாசனை. அப்புறம் மூடுபனிக்குள் உங்கள் படகைவிடப் பலமடங்கு பெரிய போர்க்கப்பல்கள் இரண்டு பக்கமும் ஓசையில்லாமல் கடந்துபோகும். அண்ணாந்து பார்த்தால் துடுப்பு வரிசை மட்டும் தெரியும். போர் நடப்பதை நீங்கள் பார்ப்பதில்லை, வானம் சிவப்பதைத்தான் பார்க்கிறீர்கள். கதவு திறக்கும். கடைசிக் காட்சி பரூஸ் சந்தை, அங்கே சூடம் மணக்கும். பரூஸ் பழங்காலத்தில் கற்பூரத்துக்குப் பேர்போன துறைமுகம். தமிழ் மூக்குக்கு அந்த வாசனையை விளக்க வேண்டியதே இல்லை. இந்த யோசனையைச் சொன்னது எங்கள் கூட்டத்தில் ஒருவரின் அம்மா, ரைடு பக்கமே போகாதவர்.

கணக்கிலும் படகு ஜெயிக்கிறது. இருபது பேர் படகு, முப்பது விநாடிக்கு ஒன்று கிளம்பினால் மணிக்கு 2,400 பேர். முப்பத்திரண்டு பேர் உட்காரும் கோஸ்டர் ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று கிளம்பினால் 1,280. அதுவும் எல்லோரும் செருப்பைக் கழற்றி, செல்போனை லாக்கரில் வைத்து, ஹார்னெஸ் மாட்டி முடித்தால்தான். ஆடும் மேடையில் திரையைப் பார்க்கும் சிமுலேட்டர், அறுபது பேருக்கு ஆறு நிமிடம் என்று வைத்தால், 600-ஐத் தாண்டாது. மே மாத ஞாயிற்றுக்கிழமை க்யூ ஒரு மணி நேரமா மூன்று மணி நேரமா என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கிறது. 1967-இல் கலிபோர்னியா டிஸ்னிலாண்டில் தொடங்கிய கடற்கொள்ளையர் படகு ரைடு இன்றும் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஷாங்காயில் 2016-இல் அதன் புது வடிவத்தில் படகுகளைத் தண்ணீருக்கடியில் காந்தத்தால் திருப்பிப் பக்கவாட்டிலும் பின்னாலும் ஓட்டுகிறார்கள். எங்கள் புயல் காட்சிக்கு அதுதான் வேண்டும் என்று ஆசை. பட்ஜெட் கேட்காத விளையாட்டில்தானே கட்டுகிறோம்.

கோஸ்டர் கட்சிக்கு இதில் உடன்பாடில்லை, அவர்கள் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. விளம்பரத்தில் படகு ஆளை இழுக்காது, கோஸ்டர்தான் இழுக்கும். வொண்டர்லா சென்னையே தஞ்சோரா என்று பெயர் வைத்து பொலிகர் அண்ட் மபிலார்ட் நிறுவனத்தின் இன்வர்ட்டட் கோஸ்டரைத்தானே முன்னால் நிறுத்துகிறது. தண்டவாளம் தலைக்கு மேலே, கால் அந்தரத்தில். அந்த வகையை அமெரிக்காவில் 1992-இல் முதன்முதலாக இறக்கியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அந்தச் சீட்டைக் கவனித்திருக்கிறீர்களா? தொடைகளுக்கு நடுவே ஒரு மேடு, தோளுக்கு மேலிருந்து இறங்கும் ஹார்னெஸின் பெல்ட் அந்தப் பக்கம் வந்து மாட்டும். புடவை கட்டியவர் அதில் உட்கார வழியே இல்லை. வேட்டிக்கும் அதே கதிதான். தஞ்சோரா ஏற்கனவே இருக்கும் ஊரில், அதே சாலையில் இன்னொரு கோஸ்டரை முதல் ரைடாக வைத்து மோதுவதைவிட, அங்கே இல்லாததை வைப்பது புத்திசாலித்தனம். பாலையின் லாஞ்ச் கோஸ்டர் இரண்டாம் கட்டம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாயிற்று.

ஆக, முதல் நிலம் நெய்தல்: கூரைக்குள் ஒரு துறைமுகத் தெரு, அதில் ஒரு படகு ரைடு, ஒரு மீன் சாப்பாட்டுக்கடை, சைவத்துக்குத் தனியாக ஒன்று. மற்ற நாலு திணைகளுக்கும் மேப்பில் இடம் விட்டாயிற்று. கோலிவுட் ஷோவுக்கு முல்லையில் ஒரு அரங்கம்.

இன்னும் தீராதது கடைசி இறக்கம் மட்டும். கதவு திறந்ததும் படகு சறுக்கி விழ வேண்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். எட்டு மீட்டர் வைத்து எல்லோரையும் நனைத்துவிட வேண்டும் என்கிறது கோஸ்டர் கட்சி. பட்டுப்புடவையோடு கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே வருகிறவர்களும் உண்டு, மூன்று மீட்டர் போதும், தெறிப்பு முன்வரிசையோடு நிற்கட்டும் என்பது என் கட்சி. வரும் சனிக்கிழமை இரண்டு உயரத்திலும் கட்டி ஓட்டிப் பார்க்கிறோம்.